கோதவாடி முதல் சித்தம்பூண்டி வரை: கொங்கு நாட்டில் நிலாவைத் தேடி இரண்டு நாள்

கொங்கு நாட்டிலிருந்து நிலாவுக்கு இரண்டு வழிகள் போயிருக்கின்றன. ஒன்று, கிணத்துக்கடவு அருகே கோதவாடியில் பிறந்த, சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை போன வழி. மற்றது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல் போன வழி. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைச் சொன்னால் நாமக்கல்காரர்களே சிலர் "அப்படிங்களா?" என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு சனி, ஞாயிறில் பார்த்துவிடலாம். நான் இரண்டு முறை போனேன். முதல் முறை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாதுரையைப் பலரும் வானியல் அறிஞர் என்கிறார்கள். அவர் மின்னணுவியல் படித்த பொறியாளர். தொலைநோக்கியில் கண் வைத்து நிலாவைப் பார்த்தவர்களின் வரிசையில் அவர் வர மாட்டார். பார்க்கிற கருவியை அங்கேயே கொண்டுபோய் நிறுத்திய வரிசை அவருடையது. இந்தப் பயணத்தில் ஆய்வுக்கூடமோ குவிமாடமோ எதிர்ப்படாது என்பதற்கும் அதுவே காரணம்.

நாள் குறிப்பது

இங்கேதான் நான் முதலில் கோட்டை விட்டேன். நிலாவைத் தேடிப் போகிறோமே, பௌர்ணமியன்று போவோம் என்று போனேன். பைனாகுலரில் பார்த்தால் வெள்ளைத் தட்டு மாதிரி கண் கூசுகிறது. மேடு, பள்ளம் எதுவுமே தெரியவில்லை. உச்சி வெயிலில் தெருவைப் பார்த்தால் நிழலே இருக்காதில்லையா, அதே கதைதான். பௌர்ணமியில் சூரியன் நிலாவின் முகத்துக்கு நேரே அடிக்கிறது. பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டின் ஓரத்தில் நிழல் நீளமாக விழுவதால் குழிகள் எழுந்து நிற்கின்றன.

ஆக, காலண்டரில் வளர்பிறை அஷ்டமியும் நவமியும் சனி, ஞாயிறில் விழும் வாரத்தைத் தேடுங்கள். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. அஷ்டமி, நவமியில் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது என்பார் எங்கள் அப்பத்தா. நிலாவின் குழிகளைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. சந்திரயான்-3 தரையிறங்கிய 2023 ஆகஸ்ட் 23-ம் தேதி வளர்பிறை சப்தமி. பஞ்சாங்கம் பார்த்து இறக்கினார்கள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்க வேண்டும். சூரிய ஒளியில் ஓடும் வண்டிக்கு நிலாவின் ஒரு பகல், அதாவது நம் கணக்கில் 14 நாள், முழுசாகக் கிடைக்க வேண்டுமே, அதற்காகத்தான்.

மாதம் என்றால் தை, மாசி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மேகமும் பொள்ளாச்சிப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். தையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். தைப்பூசத்தை ஒட்டி நிலாச்சோறு வைத்துக் கும்மியடிக்கும் ஊர்கள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. வழியில் தட்டுப்பட்டால் திட்டத்தை ஓரம் கட்டிவிட்டு அங்கே உட்கார்ந்துவிடுங்கள்.

பையில் என்ன வேண்டும்? 7×50 அல்லது 10×50 பைனாகுலர். தொலைநோக்கி தேவையில்லை, தூக்கிச் சுமப்பதுதான் மிச்சம். தண்ணீர், தொப்பி, ஒரு துண்டு. துண்டு எதற்கு என்பது இரவில் தெரியும். சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் இரண்டாம் நாள் நன்றி சொல்வீர்கள். அண்ணாதுரையே எழுதிய 'கையருகே நிலா'வைக் கிளம்பும் முன் படித்துவிட்டால் கோதவாடி வெறும் ஊராகத் தெரியாது.

சனிக்கிழமை காலை: கோதவாடி

கோவை உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்து ஏறிக் கிணத்துக்கடவில் இறங்குங்கள். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். போத்தனூர்–பொள்ளாச்சி ரயில் பாதையிலும் கிணத்துக்கடவு நிறுத்தம் உண்டு, ஆனால் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று நிற்கிறது. வெயில் ஏறும் முன் அதில் ஏறிச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. தென்னந்தோப்பு, நடுவே காட்டு நிலம், தெற்கே ஆனைமலைத் தொடர். 1958-ல் இத்தனை தென்னை இருந்திருக்காது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர் வருவதற்கு முன், வானம் பார்த்த பூமியே இந்தப் பக்கம் அதிகம்.

கிணத்துக்கடவிலிருந்து பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பினால் கோதவாடி. டவுன் பஸ் உண்டு, அவசரம் என்றால் ஆட்டோ.

நான் முதல் முறை டீக்கடையில் இறங்கியதும் கேட்டது: "இங்க அண்ணாதுரை சாருக்கு நினைவு மண்டபம், மியூசியம் மாதிரி ஏதாவது இருக்குங்களா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்கண்ணு, ஆளுதான் நல்லா இருக்கறாருல்ல. மண்டபம் எதுக்கு இப்ப?"

டீ மாஸ்டர் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அவர் சொன்னது சரிதானே! இது வாழும் மனிதரின் ஊர். நுழைவுச்சீட்டு, காட்சிக்கூடம் என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம். சொந்தக்காரர் வீடு எது என்று விசாரித்துக் கதவைத் தட்டுவதும், பள்ளிக்கூடத்துக்குள் கேட்காமல் நுழைந்து செல்ஃபி எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது? தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபர் 4. அண்ணாதுரை பிறந்தது 1958 ஜூலை 2. உலகத்தின் முதல் செயற்கைக்கோள் ஏறி ஒன்பது மாதம் ஆவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது இங்கே ஒரு குழந்தை பிறக்கிறது. ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்த 1969-ல் அந்தப் பையனுக்கு வயது 11. தமிழ் வழியில் படிக்கும் கிராமத்துப் பையன். அந்த வயதுப் பையன் ஒருவன் இந்தத் தெருவில் நின்று நிலாவைப் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நடந்தால், கால் தானாகவே மெதுவாகிறது.

கடைசியாகக் கோதவாடிக் குளத்துக் கரைக்குப் போங்கள். பல காலம் வறண்டு கிடந்து, அணைத் தண்ணீர் வந்ததும் நிறைந்து ஊரையே கொண்டாட வைத்த குளம். நீங்கள் போகும்போது தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, கரையில் உட்கார்ந்து சந்திரயான்-1 கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏனென்றால் அதுவும் தண்ணீர்க் கதைதான்.

சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. செலவு 386 கோடி ரூபாய். கருவிகள் 11, அதில் நம்முடையவை 5. நவம்பர் 14 அன்று அதிலிருந்து பிரிந்த சின்னப் பெட்டி ஒன்று, மூவர்ணக் கொடி வரைந்திருந்தது, தென் துருவத்தை ஒட்டிய ஷேக்கிள்டன் குழிக்கு அருகே போய் மோதியது. இரண்டு ஆண்டு ஓட வேண்டிய கலம், 312-வது நாளில், 2009 ஆகஸ்ட் கடைசியில், பேச்சை நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதமே, அது சுமந்துபோன நாசா கருவி ஒன்றின் தரவுகளில் தண்ணீரின் அடையாளம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. நிலாத் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், தண்ணீரும் அதன் உறவான ஹைட்ராக்சிலும் உறிஞ்சிக்கொள்ளும் அலைநீளம் மட்டும் குறைந்திருந்தது. வாசலில் ஈரக் கால்தடத்தைப் பார்த்து யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது போல.

இன்னும் ஒன்று எனக்குப் பிடிக்கும். பேச்சு நின்று ஏறத்தாழ ஏழு ஆண்டு கழித்து, 2016-ல், நாசா ரேடார் வைத்துத் தேடியபோது அந்தக் கலம் அப்போதும் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

மதியம்: பொள்ளாச்சியும் கோவையும்

பொள்ளாச்சியில் பாலக்காடு சாலையில் உள்ள நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி அவர் பி.யு.சி. படித்த இடம். எல்லோரும் என்.ஜி.எம். காலேஜ் என்பார்கள். கல்லூரி தொடங்கிய ஆண்டு 1957, ஸ்புட்னிக்கின் ஆண்டு. வெளியே நின்று ஒரு பார்வை, மதியச் சாப்பாடு, கிளம்பிவிடலாம். இங்கே அதிக நேரம் வேண்டாம்.

கோவையில் இரண்டு வாசல்கள். தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1980-ல் இங்கே பி.இ. முடித்தார். அவினாசி சாலையில், பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. 1982-ல் இங்கே எம்.இ. முடித்து, அந்த ஆண்டே இஸ்ரோவில் சேர்ந்தார். இரண்டுமே பாடம் நடக்கும் இடங்கள், சுற்றிப் பார்க்கத் திறந்து வைத்தவை இல்லை. வாசலில் காவலரிடம் பேசிப் பாருங்கள், விடவில்லை என்றால் வருத்தப்படாமல் நகர்ந்துவிடுங்கள்.

நின்று யோசிக்க வேண்டிய இடம் தடாகம் சாலைதான். அந்தக் கல்லூரி 1945-ல், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியது. அதற்கு உதவியவர் ஜி.டி. நாயுடு. கல்லூரிப் படிப்பு படிக்காத கலங்கல் கிராமத்து மனிதர், ஒரு பொறியியல் கல்லூரிக்கு வழி விட்டிருக்கிறார். நான்கு வருஷம் படிக்க வைப்பது காலவிரயம் என்று வாதாடியவரும் அவர்தான். அவர் கேட்டபடி நடந்திருந்தால் கோதவாடிப் பையன் சில மாதத்திலேயே பட்டம் வாங்கியிருப்பார்! அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கு நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு: மொட்டைமாடி

இதுதான் பயணத்தின் நடு நெஞ்சு. கோவை நகர வெளிச்சம் நட்சத்திரங்களைக் கெடுக்கும், நிலாவைக் கெடுக்காது. தங்கும் இடத்தில் கேட்டு மொட்டைமாடிக்குப் போங்கள்.

அஷ்டமி நிலா பொழுது சாயும் நேரத்தில் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். நின்றபடி பைனாகுலர் பிடித்தால் ஐந்தே நிமிடத்தில் கழுத்து போய்விடும், கையும் ஆடும். துண்டை விரித்துப் படுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் தலை? வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். இன்றைக்கு மட்டும் மீறுங்கள். வடக்கே தலை, தெற்கே கால். இப்படிப் படுத்தால்தான் நிலா வரைபடங்களில் இருப்பது போலவே வடக்கு மேலேயும் தெற்கு கீழேயும் தெரியும். வெளிச்சம் வலது பாதியில்.

முதலில் சாம்பல் திட்டுகளைப் பாருங்கள். கடல் என்று பெயர் வைத்திருந்தாலும் அவை உறைந்த எரிமலைக் குழம்பு, பசால்ட் என்ற கரும்பாறை. மனிதன் முதலில் இறங்கிய அமைதிக் கடல் அந்த வலது பாதியில்தான், நடுவுக்குக் கொஞ்சம் மேலே. பிறகு மெல்லக் கீழே இறங்குங்கள். கருப்பு தீர்ந்து, தெற்கு முழுக்க வெளேரென்று, அம்மைத் தழும்பு போலக் குழிமேல் குழியாக இருக்கும். இதுதான் நிலாவின் மேட்டுநிலம். இருட்டுக் கோட்டின் ஓரமாக ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். ஒவ்வொரு குழிக்கும் கரையும் நிழலும் தனித்தனியாக எழும்.

கீழ் விளிம்பை நெருங்கி, நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம், கிட்டத்தட்ட 69 பாகை தெற்கில், சந்திரயான்-3-ன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கி நிற்கிறது. பைனாகுலரில் அது தெரியாது, எந்தத் தொலைநோக்கி வைத்து இங்கிருந்து பார்த்தாலும் தெரியாது. அந்த வெள்ளை நிலத்தின் நிறத்தை மட்டும் நன்றாக மனதில் பதித்துக்கொண்டு தூங்கப் போங்கள். நாளைக்கு அதை மிதிக்கப் போகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை: சித்தம்பூண்டி

கோவையிலிருந்து ஈரோடு, திருச்செங்கோடு வழியாகப் பரமத்தி வேலூர் பக்கம் போக வேண்டும். சொந்த வண்டி இருந்தால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து என்றால் திருச்செங்கோடு வரை கவலை இல்லை. அதற்கு மேல் உள்ளூர் வண்டிதான், நேரம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். காலையில் அவசரப்பட வேண்டாம். திருச்செங்கோட்டில் மலை ஏறி அர்த்தநாரீசுவரரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ மூன்று மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் போதும். காரணம் இருக்கிறது.

போனதும் எதுவும் கண்ணில் படாது, சாதாரணக் கொங்கு ஊர்தான். ஆடு, எருமை, வேலி, மேட்டுக்காடு. பாதையோரத்தில் வெளுத்த சாம்பல் நிறத்தில், நடுநடுவே கருப்பு வரி ஓடும் பாறை தலைநீட்டும் இடத்தைப் பாருங்கள். அதன் பெயர் அனார்த்தோசைட். ஏறத்தாழ முழுக்க முழுக்கக் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமத்தால் ஆனது. உருப்பெருக்கியில் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள், சர்க்கரைக் கட்டி போல மணிமணியாகத் தெரியும். கருப்பு வரி ஹார்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கனிமம். அதிர்ஷ்டம் இருந்தால் இளஞ்சிவப்புப் பொட்டு ஒன்று தட்டுப்படலாம். அது குருந்தக்கல், மாணிக்கத்தின் இனம். இந்தப் பாறை வகைக்காக உலகத்து நிலவியலாளர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும்.

நேற்று பார்த்த நிலாவின் வெள்ளை மேட்டுநிலமும் இதே வகைப் பாறை. நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பகுதி முழுக்க உருகிய குழம்பாக இருந்தது. குழம்பு ஆறும்போது கனமான கனிமங்கள் அடியில் இறங்க, இலேசான பிளாஜியோகிளேஸ் மிதந்து மேலே வந்து படிந்தது, காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போல. அந்த ஆடைதான் இன்றைக்கும் நமக்குத் தெரியும் வெள்ளை. அதற்கு வயது 400 கோடி ஆண்டுக்கும் மேல். சித்தம்பூண்டிப் பாறை சுமார் 250 கோடி ஆண்டு, உருவான விதமும் வேறு. நிலாவிலிருந்து விழுந்த கல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ரத்தம் இல்லை, ஒரே சாயல்.

அந்தச் சாயல் இஸ்ரோவுக்குப் போதுமானதாக இருந்தது. சந்திரயான்-2 இறங்கவேண்டிய இடம் தெற்கு மேட்டுநிலம். நிலாவில் காற்றும் மழையும் இல்லாததால் மண் தேயாமல் கூர்கூராக இருக்கும். அதில் வண்டிச் சக்கரம் புதையுமா, ஓடுமா என்று இங்கேயே ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அதற்கு 60 டன் அளவுக்கு நிலா மண் மாதிரி வேண்டும். அமெரிக்காவில் வாங்கினால் கொள்ளை விலை. சித்தம்பூண்டியிலும் பக்கத்து ஊரான குன்னமலையிலும் பாறையை எடுத்து, உடைத்து, வேண்டிய அளவுக்குப் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு அல்லவா, அதற்காக வண்டியை ஹீலியம் பலூனில் கட்டி இலேசாக்கி ஓட்டினார்கள். அந்த வேலைகள் நடந்த பெங்களூர் செயற்கைக்கோள் மையத்துக்கு 2015 முதல் 2018 வரை இயக்குநர் யார் தெரியுமா? கோதவாடிக்காரர்தான். இரண்டு வழிகளும் சேர்ந்த இடம் அது. மண் செய்யும் முறைக்கு இஸ்ரோ 2020-ல் காப்புரிமையும் பெற்றது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் கலம் (அதற்கும் விக்ரம் என்றுதான் பெயர்) தரையில் மோதிப் போனது. நாமக்கல் மண்ணில் பழகிய சக்கரத்துக்கு நிலா மண்ணைத் தொடும் வாய்ப்பு வர 2023 ஆகிவிட்டது. சந்திரயான்-3-ன் பிரக்யான் வண்டி நூறு மீட்டர் சொச்சம் ஓடி, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அங்கே இருப்பது அனார்த்தோசைட் வகைதான் என்று 2024-ல் முடிவுகள் வெளியாயின.

இரண்டு எச்சரிக்கை. பாறை கிடக்கும் இடமெல்லாம் யாரோ ஒருவரின் காடு, கேட்டுவிட்டுக் கால் வையுங்கள். சுத்தியல் கொண்டுபோகாதீர்கள், கல்லை மூட்டை கட்டாதீர்கள். குருந்தக்கல், பிளாட்டினம் என்று இந்தப் பக்கம் ஏற்கெனவே பலர் கண் வைத்த பூமி இது. பை நிறையக் கல்லோடு வரும் வெளியூர்க்காரரை ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

மூன்று மணிக்கு மேல் வரச் சொன்ன காரணம் இதுதான்: நவமி நிலா பகலிலேயே கிழக்கே ஏறியிருக்கும். நீல வானத்தில் வெளிறிய பாதி. கிழக்குப் பார்த்து நின்றால் நிலாவின் தெற்கு உங்கள் வலது கைப்பக்கம், வெளிச்சமான முகம் மேலே பார்த்திருக்கும். நேற்றைய படத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தது போல. காலடியில் வெள்ளைப் பாறை, பைனாகுலரில் வெள்ளைப் பாறை. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்.

நான் இப்படிக் கீழேயும் மேலேயும் பார்த்துக்கொண்டிருந்ததை ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். "என்னுங்க, பகல்ல நெலாவப் பாக்கறீங்க?" என்றார். பைனாகுலரைக் கொடுத்தேன். கண்ணில் வைத்துத் தேடி, பிடித்து, ரொம்ப நேரம் பேசவே இல்லை.

"இதென்னுங்க, நம்ம கரடாட்டவே இருக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது இறங்கிய பிறகு அந்தப் பக்கம் பேருந்து குறைவு. ஆறு மணிக்குள் பெரிய சாலைக்கு வந்துவிடுங்கள்.